பிகோனியா இலை கருகுகிறதா? மருந்து வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

வீட்டுத் திண்ணையில் நான்கு பிகோனியா தொட்டி வைத்திருப்பவர்களும் சரி, வீட்டை ஒட்டிச் சின்னதாக நிழல்வலை போட்டுத் தொட்டிச் செடி வளர்த்து விற்பவர்களும் சரி, கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இலை கருகுது, என்ன மருந்து அடிக்கலாம்?"

இந்தக் கேள்விக்கு உடனே ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. பிகோனியாவில் இலை கருகுவதற்குக் கடும் வெயில் காரணமாக இருக்கலாம், உப்புத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். வேர் அழுகல், பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இவையும் காரணமாக இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் கருகல்தான். ஆனால் வைத்தியம் வேறு வேறு. வேர் அழுகிய செடிக்கு "வாடுதே" என்று தண்ணீர் ஊற்றினால் இரண்டே நாளில் செத்துவிடும். பாக்டீரியா வந்த செடிக்கு இலையெல்லாம் நனையும்படி தெளிப்பு அடித்தால் பக்கத்துத் தொட்டிக்கும் நோயைப் பரப்பிவிடுவோம்.

ஆகவே முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம். நீங்கள் மிளகாயிலும் நெல்லிலும் ஏற்கெனவே பார்த்துப் பழகிய நோய்களின் உறவுகள்தான் இங்கேயும் வருகின்றன. அதனால் அடையாளம் காண்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

செடி எந்த இடத்துக்குப் பழகியது?

பிகோனியா இனத்தில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காட்டு பிகோனியாக்கள் உண்டு. ஓடைக்கரையில், பாசி படிந்த பாறை இடுக்கில், மரநிழலில் வளரும். வண்ண வண்ண இலைகளுக்காக எல்லோரும் வாங்கும் ரெக்ஸ் பிகோனியாவின் மூதாதைச் செடி அசாம் பக்கத்தைச் சேர்ந்தது.

அந்தப் பாறை இடுக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிழல் உண்டு, காற்றில் ஈரம் உண்டு. ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்காது, வழிந்து ஓடிவிடும். மண்ணும் ஆழமில்லை, இலைமக்கு கொஞ்சம்தான். பிகோனியாவுக்கு வேண்டியது இதுதான்: காற்றில் ஈரம் இருக்க வேண்டும், வேரில் காற்றோட்டம் இருக்க வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். வேரில் தண்ணீரைத் தேக்குகிறோம், இலையை வறண்ட காற்றில் விடுகிறோம்.

மருந்துக்கு முன் ஐந்து சோதனைகள்

1. விரலை மண்ணில் ஒரு அங்குலம் விடுங்கள். ஈரம் ஒட்டுகிறதா, காய்ந்திருக்கிறதா?

2. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் இருக்கும் தொட்டி கனக்கும், காய்ந்த தொட்டி லேசாக இருக்கும். இரண்டு வாரம் தூக்கிப் பழகினால் கையே கணக்குச் சொல்லும்.

3. எந்த இலை கெட்டிருக்கிறது? அடி இலையா, நடு இலையா, கொழுந்தா? வெயில் படும் பக்கம் மட்டுமா, எல்லாப் பக்கமுமா?

4. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பிறகு அதே இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி கண்ணாடி போல ஒளியை விடுகிறதா?

5. தண்டு மண்ணைத் தொடும் இடத்தை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு கீழே உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள்.

நோயே இல்லாத கருகல்கள்

தொட்டிச் செடிகளில் மருந்தே தேவைப்படாத கருகல்தான் அடிக்கடி வருவது. முதலில் இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

இலை ஓரம் மட்டும் காய்ந்து மொறுமொறுப்பாகிறது, மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறது என்றால் காற்று வறண்டிருக்கிறது. சித்திரை, வைகாசியில் சமவெளியில் இது சகஜம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்த தொட்டியிலும் வரும். தொட்டிகளைக் கூட்டமாக வையுங்கள். கீழே தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. நிழல்வலைக் கூடாரத்தில் மதிய நேரம் தரையை நனைத்துவிட்டாலே போதும்.

இலை ஓரமும் நுனியும் பழுப்பாகி, தொட்டியின் விளிம்பிலோ மண்ணின் மேலோ வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் ஊற்றும் இடங்களில் இது அதிகம். கழுவாத தென்னை நார்க்கழிவைத் தொட்டியில் போட்டாலும் வரும். அளவுக்கு மீறி ரசாயன உரம் கொடுத்தாலும் வரும். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைநீர் இதற்கு மிகவும் ஏற்றது.

வெயில் படும் பக்கத்து இலைகளில் மட்டும் வெளுத்த திட்டு தோன்றி, பிறகு காகிதம் போலக் காய்ந்தால் அது வெயில் சூடு. காலை எட்டு, ஒன்பது மணி வரை இளவெயில் படலாம். மதிய வெயில் கூடாது. 50 சதவீத நிழல்வலையின் கீழ் வைக்கலாம். கோடையில் ரெக்ஸ் வகைக்கு இன்னும் கூடுதல் நிழல் தேவை.

தண்டு நீண்டு, இலைகள் தூரம் தூரமாக விட்டு, செடி ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் நகர்த்துங்கள். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்பிவையுங்கள்.

அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, கொழுந்து நன்றாக வருகிறது என்றால் கவலை வேண்டாம். அது வயதான இலை. அடி இலைகள் எல்லாம் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. வளரும் பருவத்தில் 15 நாளுக்கு ஒரு முறை, 19:19:19 நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம், மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள்.

ஈர மண்ணில் வாடும் செடி

மண் ஈரமாக இருக்கிறது, தொட்டி கனக்கிறது, ஆனால் செடி வாடித் தொங்குகிறது. இதைப் பார்த்தவுடன் பலரும் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். செடியைக் கொல்வது அந்த ஒரு சொம்புதான். வேர் அழுகியதால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை, அதனால்தான் வாடுகிறது.

மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகல் உண்டாக்கும் பித்தியம் பூஞ்சாணம் இங்கேயும் முக்கியக் காரணம். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும்.

வேரில் பாதியாவது நன்றாக இருந்தால், அழுகியதை வெட்டிவிட்டுப் புதுக்கலவையில் சிறிய தொட்டியில் நடுங்கள். தண்டின் அடி கொழகொழத்துவிட்டால் அந்தச் செடி தேறாது. நுனியில் நல்ல பகுதி இருந்தால் மூன்று நான்கு அங்குலம் வெட்டி, தனியாக வேர்விடச் செய்து செடியைக் காப்பாற்றலாம். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சாம்பல் நோய்

இலையின் மேல் வெள்ளை மாவு தூவியது போல வட்ட வட்டமாகத் திட்டுகள் வரும். வெண்டையிலும் பூசணியிலும் நீங்கள் பார்ப்பது போலவேதான் இருக்கும். இந்தப் பூஞ்சாணத்துக்கு இலை நனைய வேண்டிய அவசியம் இல்லை. காற்று ஓட்டமில்லாமல் தேங்கி, இரவில் குளிர்ந்து ஈரம் கூடினால் போதும். எனவே கார்த்திகை முதல் மாசி வரை கவனம் தேவை.

ஆரம்பத்திலேயே திட்டு விழுந்த இலைகளைக் கிள்ளி எடுங்கள். தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளியுங்கள். இரண்டு எச்சரிக்கைகள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது.

பூ விழுந்த இடத்தில் கருகல்

வாடிய பூ உதிர்ந்து இலை மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்திலிருந்து பழுப்பு நிற அழுகல் பரவி, ஈரமான காலையில் அதன் மேல் சாம்பல் நிறப் பஞ்சு போலப் பூஞ்சணம் தெரியும். இது பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம். ரோஜா மொட்டுகளை அழுகவைப்பதும் இதுதான். மேலே சொன்ன சாம்பல் நோய் வேறு, இது வேறு. அது வெள்ளை மாவு. இது அழுகலும் பஞ்சும்.

இதற்கு மருந்தைவிடச் சுத்தம்தான் முக்கியம். வாடிய பூக்களை இரண்டு நாளுக்கு ஒரு முறை கிள்ளுங்கள். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

பூச்சிகள்: மிளகாய்க்காரருக்குத் தெரிந்த கதை

கொழுந்து இலை சிறுத்து, தடித்து, ஓரம் கீழ்நோக்கி மடங்கி, அடிப்பக்கம் பழுப்பாகி, தொட்டால் உடைகிறதா? மிளகாயில் இலை கீழ்நோக்கிச் சுருண்டால் என்ன சொல்வீர்கள்? மஞ்சள் முரணைச் சிலந்தி என்பீர்கள். பிகோனியாவிலும் அதே சிலந்திதான், வேறு இனம்கூட இல்லை. ஆகவே மிளகாய்க் கொல்லையையும் மிளகாய் நாற்றையும் பிகோனியாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மிளகாய்ச் செடியைத் தொட்ட கையோடு பிகோனியாவைத் தொடாதீர்கள். சுருண்ட கொழுந்தைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு மேலே சொன்ன அதே எச்சரிக்கையோடு நனையும் கந்தகம் தெளிக்கலாம்.

இலையில் வெள்ளிக் கோடுகளும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் தெரிந்தால் இலைப்பேன். நீல நிற ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், எறும்புதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிச் செல்லும். சில தொட்டிகள் மட்டும் என்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுப்பதே போதும்.

இரண்டுக்கும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதோடு கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒரு முறை என மூன்று முறை தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகே அடியுங்கள். ரோமம் உள்ள இலை வகைகளில் எண்ணெய் சில சமயம் கறை உண்டாக்கும். முதலில் ஓரிரு இலையில் அடித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள்.

வயலுக்கு வாங்கி மீந்த பூச்சிக்கொல்லியைத் திண்ணையிலும் வீட்டுக்குள்ளும் அடிக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

கடுமையான இரண்டு: பாக்டீரியாவும் நூற்புழுவும்

இந்தப் பகுதியைச் செடி விற்பவர்கள் இருமுறை படியுங்கள்.

பாக்டீரியா இலைப்புள்ளி: இலையின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவு நீர் கோத்த புள்ளிகள் முதலில் வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்க் கறை போல ஒளி ஊடுருவும். பிறகு அவை பழுப்பாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் வரும். இலை ஓரத்தில் தொடங்கினால் முக்கோணமாக உள்நோக்கிக் கருகும். இதற்குக் காரணம் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலையும் எலுமிச்சையில் சொறிநோயையும் உண்டாக்குவது இதன் உறவுகள்தான்.

நூற்புழு: இரண்டு நரம்புகளுக்கு நடுவே மட்டும், கத்தரித்து ஒட்டியது போலக் கோணக் கோணமாகப் பழுப்புத் திட்டு வரும். திட்டு நரம்பைத் தாண்டாது. நெல்லில் வெண்நுனி நோய் உண்டாக்கும் நூற்புழுவின் இனம்தான் இதுவும். உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. திட்டு உள்ள இலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே உருப்பெருக்கிக் கண்ணாடியால் அடிப்பகுதியைப் பாருங்கள். மிக மெல்லிய நூல்கள் நெளிந்தால் நூற்புழுதான்.

இரண்டுமே தெறிக்கும் தண்ணீராலும், ஈர இலைகள் ஒன்றை ஒன்று உரசுவதாலும், கையாலும் கத்தியாலும் பரவும். பாக்டீரியா வந்த செடியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. தாமிர மருந்துகள் பரவுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நூற்புழுவையும் வீட்டு அளவில் இலைக்குள்ளிருந்து ஒழிப்பது மிகவும் கடினம்.

ஆகவே வேறு வழியில்லை. அந்தச் செடியைத் தொட்டி மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும். எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். ஆட்டுக்கும் போடாதீர்கள், பிகோனியாவில் ஆக்சலேட் இருப்பதால் கால்நடைக்கும் குழந்தைக்கும் ஆகாது. பக்கத்தில் இருந்த தொட்டிகளைத் தனியே நகர்த்தி ஒரு மாதம் கண்காணியுங்கள்.

வருஷக்கணக்கில் வளர்த்த செடியைத் தூக்கிப் போட மனம் வராது. "ஒரு நல்ல இலையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். நட்டம் பெரிதாவது அந்த இடத்தில்தான். பிகோனியாவின் ஒரே இலையை வெட்டி நட்டால் அதிலிருந்து பல கன்றுகள் வரும், அதனால்தான் இது வருமானம் தரும் செடி. ஆனால் பாக்டீரியா செடிக்குள் இருந்துகொண்டு இலையில் அடையாளம் காட்டாமலும் இருக்கும். நல்லது என்று நீங்கள் எடுத்த அந்த இலையில் நோய் இருந்தால் வரும் கன்றுகள் அத்தனைக்கும் நோய் வரும். அவற்றை விற்றால் வாங்கியவர் வீட்டுக்கும் போகும், உங்கள் பெயரும் கெடும். ஒரு தாய்ச்செடியை இழப்பதை நட்டமாக நினைக்காதீர்கள். மற்ற செடிகளுக்குக் கட்டிய வேலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் அழிப்பதற்கு முன்பு, பாதித்த இலைகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ சென்று காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்து எடுத்துப்போனால் வியர்த்து அழுகிவிடும்.

வருமுன் காக்க

தொட்டிக் கலவை: கழுவி உப்பு நீக்கிய மக்கிய நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, மணல் அல்லது பெர்லைட் அரைப் பங்கு. மண்புழு உரம் கிலோவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, நிழலில் ஈரப்பதத்துடன் ஒரு வாரம் வைத்திருந்து பிறகு கலந்தால் வேரழுகல் குறையும். வயலுக்கு 50 கிலோ தொழுவுரத்தில் 2.5 கிலோ கலக்கிறோமே, அதே கணக்குதான்.

தொட்டி: செடிக்கு மிகப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலைக் கொண்டுவரும். அடித்துளை அடைபடாமல் இருக்க வேண்டும்.

தண்ணீர்: காலையில் ஊற்றுங்கள். இலையில் படாமல் தொட்டி ஓரமாக ஊற்றுங்கள். பூவாளியில் மேலிருந்து கொட்டும் பழக்கத்தை விட்டுவிட்டாலே பாக்டீரியா, நூற்புழு, அழுகல் மூன்றும் பரவும் வழி அடைபடும். "தினமும் ஒரு சொம்பு" என்று கணக்கு வைக்காதீர்கள். விரல் சொல்லட்டும்.

புதுச்செடி: சந்தையிலோ நர்சரியிலோ வாங்கிய செடியை நேராக மற்ற தொட்டிகளோடு சேர்க்காதீர்கள். மூன்று நான்கு வாரம் தனியே வையுங்கள். வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கத்தி: பதியன் வெட்டும்போது ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் நடுவே கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். தாய்ச்செடிகளை விற்பனைத் தொட்டிகளிலிருந்து தள்ளித் தனி மேடையில் வையுங்கள்.

சுத்தம்: உதிர்ந்த பூவும் இலையும் தொட்டியில் கிடக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். எல்லாத் தொட்டியிலும் இரண்டு இலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஒரே பார்வையில்

ஓரம் மட்டும் மொறுமொறுப்பு: காற்று வறட்சி. வெள்ளைப் படிவும் சேர்ந்தால் உப்பு.
வெயில் பக்கம் மட்டும் வெளுத்த திட்டு: வெயில் சூடு.
ஈர மண்ணில் வாடல், அடித்தண்டு கொழகொழப்பு: வேரழுகல்.
வெள்ளை மாவுத் திட்டு: சாம்பல் நோய்.
பூ ஒட்டிய இடத்தில் அழுகல், சாம்பல் பஞ்சு: பொட்ரைட்டிஸ்.
கொழுந்து கீழ்நோக்கிச் சுருள்: முரணைச் சிலந்தி.
வெள்ளிக் கோடு: இலைப்பேன்.
ஒளி ஊடுருவும் புள்ளி, மஞ்சள் வளையம்: பாக்டீரியா. அப்புறப்படுத்துக.
நரம்புக்குள் அடங்கிய கோணத் திட்டு: நூற்புழு. அப்புறப்படுத்துக.

இந்தப் பட்டியலை எழுதி நிழல்வலைக் கூடாரத்தின் கம்பத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை இலை கருகினால் மருந்துக் கடைக்குப் போகும் முன் விரலை மண்ணில் விட்டு, இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல நேரங்களில் தொட்டியை இரண்டடி தள்ளி நிழலில் வைப்பதே போதுமான வைத்தியமாக இருக்கும்.